புதிய அடுக்குமாடி வீட்டுக்கு வதிவாளர் பெர்மிட் மறுக்கப்பட்டுள்ளது: லண்டன் விதிகள் பற்றி விளக்கம் தேவை

வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு லண்டனில் அண்மையில் கட்டி முடிக்கப்பட்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறைகள் கொண்ட பிளாட்டை வாடகைக்கு எடுத்து, கணவர், மகன், மாமியார் ஆகியோருடன் குடிவந்திருக்கிறேன். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் தாதி. பணி முடிந்து வீடு வந்து சேரக் காலை எட்டரை மணியாகிவிடும். எங்கள் வீதியில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 தொடக்கம் மாலை 6.30 வரை பெர்மிட் உள்ளவர்கள் மட்டுமே காரை நிறுத்தலாம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றவர்கள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில்தான் எனக்கு அந்த வீதியில் இடம் தேவைப்படுகிறது.

வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரிப் பற்றுச்சீட்டு, புதிய முகவரிக்கு மாற்றிய வி5சி பதிவுப் பத்திரம் ஆகியவற்றை இணைத்து இணையம் வழியாக விண்ணப்பித்தேன். "உங்கள் முகவரி பெர்மிட் பெறத் தகுதியற்ற முகவரிகளின் பட்டியலில் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. எதிர்ப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் பழைய வீடுகளில் ஒரு வீட்டுக்கு இரண்டு பெர்மிட் வரை வைத்திருக்கிறார்கள். அவர்களைப் போலவே நாங்களும் கவுன்சில் வரி கட்டுகிறோம். ஒரே வீதியில் வசிப்பவர்களுக்குள் இப்படி வேறுபாடு காட்ட கவுன்சிலுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா? வீட்டைக் காட்டிய வாடகை முகவரிடம் கார் பற்றிக் கேட்டபோது, வீதியில் நிறுத்தலாம் என்றுதான் சொன்னார். மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறதா? மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். சிறிது தூரம் நடந்தாலே நின்று இளைப்பாற வேண்டும். அதைக் காரணமாகக் காட்ட முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும்.

ஹரோவாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் திட்டமிடல் அனுமதி தொடர்பான வேலைகளில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். உங்கள் கட்டடம் 'கார் இல்லாக் குடியிருப்பு' என்ற நிபந்தனையோடு அனுமதி பெற்றது என்பதே இந்த மறுப்புக்குக் காரணமாக இருக்கவேண்டும். இது உங்கள் மீதோ உங்கள் கார் மீதோ எடுக்கப்பட்ட முடிவு அன்று. கட்டடம் எழும்புவதற்கு முன்பே, அந்த நிலத்தின் சொந்தக்காரருக்கும் கவுன்சிலுக்கும் இடையே, இங்கு குடியிருக்கப்போகும் எவரும் வீதியில் நிறுத்துவதற்கு வதிவாளர் பெர்மிட் கேட்கமாட்டார்கள் என்று ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கும். அந்த உறுதிமொழி நிலத்தோடு ஒட்டிக்கொள்வதால், பின்னர் பிளாட்டை வாங்குபவரையும் வாடகைக்கு எடுப்பவரையும் அது கட்டுப்படுத்துகிறது.

லண்டனில் 32 பரோக்களும் (உள்ளூராட்சிப் பிரிவுகள்) லண்டன் சிட்டியும் தத்தம் எல்லைக்குள் வீதி நிறுத்தத்தைத் தாமே நிர்வகிக்கின்றன. பெர்மிட் வழங்கும் அதிகாரம் 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் 45ஆம் பிரிவிலிருந்து வருகிறது. யாருக்குப் பெர்மிட் உண்டு, யாருக்கு இல்லை என்பது ஒவ்வொரு நிறுத்த வலயத்துக்கும் உரிய போக்குவரத்துக் கட்டளையில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கட்டளையிலேயே இன்ன கட்டடம், இன்ன இலக்கங்கள் தகுதியற்றவை என்று பெயர் சொல்லி விலக்கப்பட்டிருப்பதும் வழக்கம். நீங்கள் குறிப்பிட்ட 'பட்டியல்' அநேகமாக அதுவேயாகும். ஆகவே எதிர் வீட்டாருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை என்பது பார்வைக்கு அநியாயமாகத் தெரிந்தாலும், கவுன்சில் தன் அதிகாரத்துக்கு உட்பட்டே அதைச் செய்கிறது.

இந்த ஒப்பந்தங்களும் நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டவைதான். கென்சிங்டன் மற்றும் செல்சி பரோ தொடர்பான வழக்கொன்றில், 2017ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. பெர்மிட் கேட்கமாட்டேன் என்ற உறுதிமொழி நிலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதாக அமையாமல் ஆளைக் கட்டுப்படுத்துவதாக அமைந்திருந்தால், திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் அது செல்லாது என்று சொன்ன நீதிமன்றம், அதே உறுதிமொழி லண்டனுக்கு மட்டும் உரிய 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 16ஆம் பிரிவின் கீழ் செல்லும் என்று கண்டது. அதன் பிறகு பல லண்டன் கவுன்சில்கள் தங்கள் ஒப்பந்தங்களில் இரண்டு பிரிவுகளையும் சேர்த்தே எழுதுகின்றன. ஒப்பந்தமே செல்லாது என்று வாதாடி வெல்லும் நம்பிக்கையில் சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்கவேண்டாம் என்பது என் கருத்து.

நீங்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் திட்டமிடல் பதிவேடு எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியதாக இருக்கும். கட்டடத்தின் தற்போதைய பெயரைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அனுமதி கேட்ட காலத்தில் அந்த நிலத்துக்கு என்ன முகவரி இருந்ததோ அதைக் கொண்டு தேடவேண்டும். பழைய மதுச்சாலையோ பட்டறையோ இடித்துக் கட்டியது என்றால் அதன் இலக்கத்தைப் போடுங்கள். தீர்மான அறிவித்தலையும் சட்ட ஒப்பந்தத்தையும் தரவிறக்கி, அவற்றில் பெர்மிட் பற்றிய வாசகத்தைச் சொல் சொல்லாக வாசியுங்கள். அதில் இரண்டு விடயங்கள் முக்கியம். நீலப் பட்டை (Blue Badge, மாற்றுத்திறனாளிகளுக்கும் நடக்கச் சிரமப்படுவோருக்கும் தரப்படும் நிறுத்த அட்டை) வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டா என்பது ஒன்று. புதிதாகக் குடிவருபவருக்கு இந்தக் கட்டுப்பாட்டை எழுத்தில் அறிவிக்கும் கடமை உரிமையாளருக்கு விதிக்கப்பட்டுள்ளதா என்பது மற்றொன்று. இவை இரண்டும் இத்தகைய ஒப்பந்தங்களில் அடிக்கடி காணப்படுபவை.

மதுரைக்காரர் எழுதியது:

வாசகி அவர்களுக்கு வணக்கம். ஹரோவாசி ஐயா சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடாது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கார் இல்லாக் குடியிருப்பு என்ற ஏற்பாட்டை வகுத்தவர்கள், பகலில் ரயிலில் போய் மாலையில் ரயிலில் திரும்பும் அலுவலக ஊழியரை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள். இரவுப் பணி பார்க்கும் தாதி, அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும் விமான நிலையப் பணியாளர், கருவிகளோடு செல்லும் மின்பணியாளர் ஆகியோருக்கு ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பதால் என்ன பயன்? பழைய வீட்டை வாங்க வசதி உள்ளவருக்கு வாசலில் இடம் கிடைக்கிறது. புதிய பிளாட்டில் வாடகைக்கு வருபவருக்கு அது இல்லை. புதிதாக நகரத்துக்குள் வருபவர்களின் தலையிலேயே இந்தச் சுமை விழுகிறது என்பது என் வருத்தம்.

இதற்கு மேல் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. எனக்குத் தெற்கு லண்டனில் பெர்மிட் இருக்கிறது. காரின் கரியமில வாயு வெளியேற்ற அளவை வைத்துக் கட்டணம் போடுகிறார்கள்; டீசல் என்றால் கூடுதல்; இரண்டாவது கார் என்றால் அதற்கும் மேல். இவ்வளவு கட்டிய பிறகும் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பெர்மிட் என்பது இடத்தைத் தேடிக்கொள்வதற்கான அனுமதிதானே தவிர ஓர் இடத்துக்கு உரிமைப் பத்திரம் அன்று. கவுன்சில்கள் இதை வருமானம் ஈட்டும் வழியாகவே நடத்துகின்றன என்று நினைக்கிறேன்.

உடனடித் தேவைக்கு ஒரு யோசனை. உங்கள் பகுதியில் வீட்டின் முன்புறத்திலோ கராஜிலோ உள்ள இடத்தை மாத வாடகைக்கு விடுபவர்கள் இருப்பார்கள். பள்ளிவாசல், தேவாலயம், கோவில் போன்றவற்றின் வளாகத்திலும் வார நாட்களில் இடம் காலியாக இருக்கும். நேரில் சென்று கேட்டால் சிலர் இசைவார்கள். அப்படி முடியாவிட்டால், பெர்மிட் பெறக்கூடிய பழைய வீட்டில் இருக்கும் உறவினர் யாராவது இருந்தால், காரை அவர் முகவரியில் பதிவு செய்து பெர்மிட் எடுப்பதையும் பலர் செய்கிறார்கள்.

நெல்லியடியான் எழுதியது:

மதுரைக்காரர் சொன்ன கடைசி யோசனையைத் தயவுசெய்து யாரும் பின்பற்றவேண்டாம். அவர் உதவும் எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெர்மிட் பெறும் நோக்கத்தோடு தெரிந்தே பொய்யான கூற்றைச் செய்வது அதே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவின் கீழ் குற்றமாகும். தண்டப்பணச் சீட்டு போன்ற குடியியல் விடயமாக அது முடிந்துவிடாது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்படலாம். தாதியாகப் பதிவு பெற்றவர் ஒருவருக்கு நேர்மையீனம் தொடர்பான குற்றத்தீர்ப்பு எத்தகைய பாதிப்பைக் கொண்டுவரும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. அத்துடன், இரவில் கார் நிற்கும் முகவரி எது என்று காப்புறுதி நிறுவனம் கேட்கும். அதற்குப் பொய் சொல்லியிருந்தால், விபத்து நேர்ந்த அன்று இழப்பீடு தர அவர்கள் மறுக்க இடமுண்டு. பெர்மிட் கொடுத்து உதவிய உறவினரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்.

வருமானம் ஈட்டும் வழி என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் இதில் நம்மவர்கள் பலருக்கும் சரியான தகவல் கிடைப்பதில்லை. பார்னெட் கவுன்சில் 2011இல் முதல் காருக்கான பெர்மிட் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுணிலிருந்து 4 பவுணாகவும் உயர்த்தியது. அங்கு வசிக்கும் ஒருவர் அதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 1984ஆம் ஆண்டுச் சட்டம் வரி அறவிடும் சட்டம் அன்று என்றும், மற்றப் போக்குவரத்துச் செலவுகளுக்கு மிகைப் பணம் திரட்டும் நோக்கத்தோடு வதிவாளர்களிடம் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்த அது அதிகாரம் தரவில்லை என்றும் 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த உயர்வு சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. தற்செயலாக மிச்சம் வந்தால், அதை எதற்குச் செலவிடலாம் என்பதையும் அச்சட்டத்தின் 55ஆம் பிரிவு வரையறுக்கிறது. பொதுப் போக்குவரத்து, வீதி மேம்பாடு போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்தமுடியும்.

ஆகவே இன்று கவுன்சில்கள் பணம் தேவை என்று காரணம் சொல்வதில்லை. காற்றின் தரம், நெரிசல் குறைப்பு ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியே கட்டணத்தை அமைக்கின்றன. வெளியேற்ற அளவோடு கட்டணத்தை இணைத்த முறையை 2007இல் ரிச்மண்ட் தொடங்கியது. நியூஹாம் 2021 முதல் அந்த வழிக்கு வந்தது. லம்பெத் தன் வீதியோர இடத்தில் கால் பங்கை 2030க்குள் மரம், மிதிவண்டி நிறுத்தம், இருக்கை போன்றவற்றுக்கு ஒதுக்குவதாக அறிவித்துள்ளது. வீதியோர இடம் வளரப்போவதில்லை, கட்டடங்களோ உயர்ந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு புதிய பிளாட்டுக்கும் ஒரு பெர்மிட் கொடுத்தால் ஏற்கனவே பெர்மிட் வைத்திருப்பவர் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் சுற்றவேண்டிவரும். இரவுப் பணியாளர்கள் விடயத்தில் மதுரைக்காரரின் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கான தீர்வு, அத்தியாவசியப் பணியாளருக்கென்று ஒப்பந்தத்திலேயே விதிவிலக்கு எழுதச் சொல்லிக் கேட்பதாகும். திட்டமிடல் விண்ணப்பம் வரும்போது எவரும் கருத்து எழுதலாம். நமது சங்கங்கள் கோவில் அனுமதிக்கு மட்டும் கையெழுத்துச் சேர்க்காமல் இதிலும் கவனம் செலுத்தவேண்டும்.

வாசகி எழுதியது:

ஹரோவாசி ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் மிகுந்த நன்றி. உறவினர் முகவரி விடயத்தில் நெல்லியடியான் அண்ணா எழுதியதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். அந்த வழியில் போகும் எண்ணம் எனக்கு இல்லை. பதிவேட்டில் தேடினேன். கட்டடத்தின் பெயரில் ஒன்றும் வரவில்லை. முன்பு அங்கே கம்பளக் களஞ்சியம் ஒன்று இருந்ததாக மூலைக் கடைக்காரர் சொன்னார். அதன் இலக்கத்தைப் போட்டவுடன் எல்லாம் வந்துவிட்டன. நீங்கள் சொன்னபடியே ஒப்பந்தத்தில் பெர்மிட் தடை இருக்கிறது. "நீலப் பட்டை வைத்திருக்கும் வதிவாளர் தவிர" என்று அதே வாசகத்துக்குள் எழுதியிருக்கிறார்கள். குடிவருபவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பதும் இருக்கிறது; எங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் தரப்படவில்லை. மாமியார் பெயரில் நீலப் பட்டைக்கு விண்ணப்பித்தால், கார் என் பெயரில் இருப்பது தடையாகுமா? அதோடு கட்டடத்தின் வரைபடத்தில் பின்புறம் இரண்டு இடங்கள் சக்கர நாற்காலி அடையாளத்தோடு குறிக்கப்பட்டுள்ளன. அங்கே இப்போது குப்பைத் தொட்டிகளை வைத்திருக்கிறார்கள்.

ஹரோவாசி எழுதியது:

நல்ல செய்தி, சகோதரி. நீலப் பட்டை காருக்கு வழங்கப்படுவதில்லை; ஆளுக்கு வழங்கப்படுகிறது. மாமியார் பயணம் செய்யும் எந்தக் காரிலும் அதை வைக்கலாம், ஆனால் அவர் காரில் வராத நேரத்தில் நீங்கள் உங்கள் வேலைக்காக அதைப் பயன்படுத்தக்கூடாது. இந்த எல்லையை மிகக் கவனமாகக் கடைப்பிடியுங்கள். தவறாகப் பயன்படுத்துவோரைப் பிடிக்கக் கவுன்சில்கள் தனி அலுவலர்களை வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் பட்டைக்கான கட்டணம் 10 பவுணுக்கு மேற்படாது. பொதுவாக மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும். முடிவு வர 12 வாரங்கள் வரை எடுக்கலாம். ஓய்வூதிய வயதினர் பலர் பெறும் பராமரிப்புக் கொடுப்பனவு (Attendance Allowance) இருந்தால் பட்டை தானாகக் கிடைத்துவிடும் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. அது அப்படி இல்லை. நடக்கும் திறன் தனியாக மதிப்பிடப்படும். எனவே எத்தனை அடி நடந்ததும் நிற்கிறார், எவ்வளவு நேரம் இளைப்பாறுகிறார், ஊன்றுகோல் பிடிக்கிறாரா, வலி எப்போது கூடுகிறது என்பவற்றை விண்ணப்பத்தில் விளக்கமாக எழுதி, மூட்டு மருத்துவரின் கடிதத்தையும் இணையுங்கள். "நடக்கக் கஷ்டம்" என்று மட்டும் எழுதிய விண்ணப்பங்களே அதிகம் நிராகரிக்கப்படுகின்றன.

பட்டை கிடைத்த பிறகு, ஒப்பந்த வாசகத்தின் பிரதியோடு பெர்மிட்டுக்கு மீண்டும் விண்ணப்பியுங்கள். உங்கள் ஒப்பந்தம் 'பட்டை வைத்திருக்கும் வதிவாளர்' என்று சொல்வதால், வதிவாளராகிய மாமியாரின் பெயர் கவுன்சில் ஆவணங்களில் அந்த முகவரியில் இருக்கவேண்டும். கார் வீட்டில் உள்ள இன்னொருவரின் பெயரில் இருப்பதை உங்கள் கவுன்சில் ஏற்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வதிவாளர் பெர்மிட் இல்லாமல் பட்டையை மட்டும் வைத்து வதிவாளர் இடங்களில் நிறுத்தலாமா என்பது பரோவுக்குப் பரோ மாறும். மத்திய லண்டனில் சிட்டி, வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் மற்றும் செல்சி, காம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் பட்டையோடு மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் நிறுத்தும் வழமையான சலுகைகூட இல்லை.

அந்தக் குப்பைத் தொட்டிகள் விடயத்தை விட்டுவிடாதீர்கள். 2021 மார்ச்சில் வெளியான லண்டன் திட்டத்தின்படி (London Plan, நகர மேயரின் திட்டமிடல் ஆவணம்), பொதுப் போக்குவரத்து நன்றாக உள்ள இடங்களில் கார் இல்லாக் குடியிருப்பே தொடக்க நிலையாக இருக்கவேண்டும். ஆனால் அதே திட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களில் குறைந்தது 3 சதவீத வீடுகளுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் உள்ள இடத்தை வேறு தேவைக்குப் பயன்படுத்துவது திட்டமிடல் நிபந்தனையை மீறுவதாக இருக்கலாம். வரைபடத்தின் இலக்கத்தைக் குறிப்பிட்டு, ஒரு புகைப்படத்தோடு, கட்டட முகாமையாளருக்கு முதலில் எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் கவுன்சிலின் திட்டமிடல் அமுலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள்.

முகவர் சொன்ன தவறான தகவலுக்கும் வழி உண்டு. 2014 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் வாடகை முகவர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கவேண்டும். முதலில் முகவருக்கே எழுத்தில் முறையிட்டு, அவர்கள் தரும் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால் அந்தத் திட்டத்திடம் கொண்டுபோகலாம், அது இலவசம். வீடு பார்க்கும் நாட்களில் நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதிலாவது கார் பற்றிய கேள்வியும் பதிலும் இருந்தால் அவற்றை இப்போதே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் தண்டச் சீட்டு எதுவும் வந்தால் அதைத் தூக்கி வைத்துவிடவேண்டாம். 2025 ஏப்ரல் முதல் லண்டனில் கூடிய கட்டண வலயங்களில், கடுமையான மீறலுக்கான தொகை 160 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. மறுப்பதாக இருந்தால் அந்த 14 நாட்களுக்குள்ளேயே கவுன்சிலுக்கு எழுதுங்கள். நிராகரித்தாலும் பாதித் தொகைச் சலுகையை மீண்டும் தருவது பெரும்பாலான கவுன்சில்களின் வழக்கம். பிறகு காரின் உரிமையாளருக்கான அறிவித்தல் வரும். அதற்கு 28 நாட்களுக்குள் முறையான ஆட்சேபம் அனுப்பி, அதுவும் மறுக்கப்பட்டால் லண்டன் தீர்ப்பாயத்துக்கு 28 நாட்களுக்குள் போகலாம். ஆனால் "எனக்குப் பெர்மிட் தராமல் விட்டது நியாயமில்லை" என்பதை அங்கே வாதமாக வைக்கமுடியாது. பலகை மறைந்திருந்தது, கோடு அழிந்திருந்தது, பொருட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம் என்பன போன்றவற்றையே நடுவர் கணக்கில் எடுப்பார். வரைபட விடயத்தில் முகாமையாளர் என்ன பதில் தருகிறார் என்பதை இங்கே எழுதுங்கள். தேவைப்பட்டால் அமுலாக்கப் பிரிவுக்கான கடிதத்தை எழுத உதவுகிறேன்.